ஹாஸ்பிஸில் டி.என்.ஆர்.: ஊருக்கு வரும் பிள்ளைகள் கேட்டுவைக்க வேண்டியவை

இந்தப் பயணத்தில் தமிழ்நாட்டில் ஹாஸ்பிஸ் எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்புச் சேவைகளைப் பார்த்ததில், வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அதிகம் குழம்புவது டி.என்.ஆர். (Do Not Resuscitate, உயிர்மீட்பு முயற்சி வேண்டாம் என்ற முடிவு) விஷயத்தில்தான். கையெழுத்துப் போட்டால் அம்மாவை அப்படியே விட்டுவிடுவார்களோ என்ற பயம். விடமாட்டார்கள். இதயம் நின்றால் சி.பி.ஆர். என்ற உயிர்மீட்பு முயற்சி வேண்டாம் என்பது மட்டுமே அந்த முடிவு. வலிக்கு மார்பின், மூச்சுத்திணறலுக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு எதுவும் நிற்காது.

சி.பி.ஆர். என்றால் நெஞ்சை 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவது. எலும்புவரை புற்றுநோய் பரவியவருக்கு விலா எளிதில் முறியும். இதயத்தை நிறுத்திய நோயோ அப்படியேதான் இருக்கும். கடைசி நிமிடங்களில் அவருக்கு அந்த வேதனையைக் கொடுக்கக் கூடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. மருத்துவர் நோயாளியிடமும், அவரால் பேச முடியாவிட்டால் குடும்பத்தாரிடமும் பேசி, முடிவைக் காரணத்தோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். உடல்நிலை மாறினால் மறுபடி பார்க்க வேண்டும். வாய்வார்த்தையாக விட்டால் இரவு டியூட்டிக்கு வருகிறவருக்குத் தெரியாது, அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிடுவார். கேஸ் ஷீட்டில் ஏறியிருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள்.

லிவிங் வில், அதாவது பின்னால் தன்னால் பேச முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது, வேறு. அதை நோயாளி தெளிவாக இருக்கும்போதே தானே எழுத வேண்டும்: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று. உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்த நடைமுறையை 2023இல் இப்படி எளிதாக்கியது. ஏற்கெனவே பொருத்திய வென்டிலேட்டரை எடுக்க இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். ஆகவே பொருத்துவதற்கு முன்பே பேசுவது நல்லது.

வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். மூச்சு இழுத்ததும் பக்கத்து வீட்டார் பதறி 108ஐ அழைப்பார்கள், வந்தவர்கள் காப்பாற்றத்தான் முயல்வார்கள். யாரை அழைப்பது என்று ஹாஸ்பிஸ் எண்ணைக் கட்டிலருகே எழுதி ஒட்டுங்கள். டி.என்.ஆர். நகலும் அங்கேயே இருக்கட்டும். “அண்ணன் வரும்வரை உயிரைப் பிடித்து வையுங்கள்” என்ற பேச்சு எழாமலிருக்க, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வீடியோ அழைப்பில் மருத்துவரோடு பேசவையுங்கள், அப்பாவும் அதில் பேசட்டும்.

வீட்டில் இறந்தால் கவனித்துவந்த மருத்துவர் 4ஏ படிவத்தில் காரணம் எழுதித் தர வேண்டும். அவர் வருவாரா என்று முன்பே கேட்டுவையுங்கள். 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை.