பல் அடைப்பு வெள்ளையாக இருந்தால் காம்போசிட் என்று நம்பாதீர்கள்

ஆறு வயது மகளுக்குக் கீழ்க் கடைவாயில் அடுத்தடுத்த இரண்டு பால் பற்களில் சொத்தை. பக்கத்திலிருந்த தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். எக்ஸ்ரே எடுக்கவில்லை. "வெள்ளி அடைப்புல பாதரசம் இருக்கு, குழந்தைக்கு வேணாம். காம்போசிட் வச்சிடலாம், ஒரு பல்லுக்கு 2,500" என்றார் டாக்டர். காம்போசிட் என்றால் பல் நிறத்தில் இருக்கும் பிசின் அடைப்பு. பாதரச விஷயம் உண்மைதான். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைத் தவிர்க்க பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சர்வதேச உடன்படிக்கையின் நாடுகள் 2022இல் முடிவெடுத்தன. அந்த உண்மையைக் காட்டித்தான் 5,000 ரூபாய் வாங்கினார்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு அடைப்பு இட்லியோடு பெயர்ந்து வந்தது. திரும்பப் போனால், "பால் பல்தானே, எப்படியும் விழுந்துடும்" என்று பதில். அந்தப் பின்கடைவாய்ப் பால் பல் விழுவது 10 முதல் 12 வயதுக்குள். அதுவரை என் பிள்ளை எதை வைத்து மெல்லுவாள்?

பிறகு அரசுப் பல் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "நீல லைட் அடிச்சாங்களாம்மா?" என்பதுதான். இல்லை. "பொடியையும் திரவத்தையும் குழைச்சாங்களா?" ஆமாம், பக்கத்தில் நின்று பார்த்தேன். "அப்போ அது ஜிஐசி" என்றார். அதாவது கிளாஸ் அயனோமர் சிமென்ட், அதுவும் வெள்ளையாகவே இருக்கும் இன்னொரு அடைப்புப் பொருள். காம்போசிட் பசைபோல சிரிஞ்சில் தயாராக வரும், நீல ஒளியில்தான் இறுகும், பல்லில் எச்சில் படவே கூடாது என்று விளக்கினார்.

ஜிஐசியைக் குறை சொல்லவில்லை. ஃபுளூரைடு வெளிவிடும், கொஞ்சம் ஈரத்தையும் தாங்கும், குழந்தைகளுக்கு நல்ல பொருள்தான். ஆனால் அரசு மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் தெரிந்த சொத்தை இரண்டு பல்லுக்கும் நடுவில். அந்த இடத்தில் அது சீக்கிரம் உடைந்துவிடும். இதற்குள் ஒரு பல்லில் சொத்தை நரம்பு வரை இறங்கிவிட்டது. நரம்பின் மேல்பகுதியை எடுத்து மருந்து வைத்தார்கள். இரண்டு பல்லுக்கும் ஸ்டீல் கேப் போட்டார்கள். ஊசி போட்டபோது அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டது இன்னும் மனதை அறுக்கிறது.

பிள்ளையை நாற்காலியில் உட்கார வைக்கும் முன்பே கேளுங்கள்: எக்ஸ்ரே எடுப்பீர்களா, என்ன பொருள் வைக்கிறீர்கள், ஏன் அது? ரசீதில் பொருளின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் ரசீதில் 'ஃபில்லிங் - 2' என்று மட்டும்தான் இருக்கிறது. காம்போசிட்டுக்குப் பணம் கொடுத்தோம் என்று காட்ட எங்களிடம் வேறு காகிதம் இல்லை.