எல்லாப் பட்டமும் ‘ராணி’யா? ஓர் ஆப்பெழுத்துப் பயிற்சிப் பெட்டியின் மதிப்புரை

பண்டைய தென் ஈராக்கின் சுமேரிய ஆப்பெழுத்தில் அரசியருக்கும் பெண் தெய்வங்களுக்கும் வழங்கிய பட்டங்களைக் களிமண்ணில் எழுதிப் பழகுவதற்கென விற்கப்படும் பெட்டி ஒன்றை இணையத்தில் 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். செங்கோட்டைக்குக் கூரியரில் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. இரண்டு பொட்டலம் களிமண், ஒரு மரக்குச்சி, 24 அட்டைகள், ஓர் ஆங்கிலக் கையேடு ஆகியவற்றோடு, தமிழ் வாசகர்களுக்கென்று தனியே அச்சிட்டு மடித்த தாள் ஒன்றும் உள்ளே இருந்தது. ஒரு மாதம் பயன்படுத்திய பிறகு சொல்கிறேன்: அட்டைகளுக்காக இதை வாங்கலாம், குச்சியையும் தமிழ்த் தாளையும் நம்பி வாங்கக்கூடாது.

முதலில் குச்சி. ஆப்பெழுத்தில் கோடு இழுப்பது என்பதே இல்லை. நாணலின் மூலையைச் சற்றே சாய்த்து ஈர மண்ணில் அழுத்தி எடுத்தால், தலை அகன்று வால் மெலிந்த பள்ளம் ஒன்று விழும்; அதுதான் ஆப்பு. பெட்டியில் வந்த குச்சியோ பென்சிலைப் போல உருண்டையாக இருந்ததால், அழுத்திய இடமெல்லாம் வெறும் குழியே விழுந்தது. மூங்கில் சிம்பு ஒன்றை நான்கு பட்டையாகச் சீவி எடுத்த பிறகுதான் எழுத்து எழுத்தாக வந்தது. களிமண்ணிலும் ஒரு பொட்டலம் இறுகிப்போயிருந்தது. பக்கத்துத் தெருக் குயவரிடம் ஓர் உருண்டை மண் கேட்டு வாங்கி எழுதி, அவரிடமே காட்டியபோது, “டீச்சர், இது கோழி சீய்ச்ச மண்ணு மாதிரில்லா இருக்கு” என்றார். அவர் கொடுத்த மண் பெட்டி மண்ணைவிட நன்றாகவே குறியை வாங்கியது. சாரல் காலமாதலால் காய்வதற்குத்தான் நாளாயிற்று.

அட்டைகளில் சிறந்தது, அரசி அல்லது தலைவி என்று பொருள்படும் ‘நின்’ என்ற பட்டத்துக்கு உரியது. இந்தக் குறி இரண்டு குறிகளின் சேர்க்கை என்பதையும், முன்பாதி பெண்ணையும் பின்பாதி ஆடையையும் குறிப்பது என்பதையும், முக்கோணமாக இருந்த பழைய பெண் குறி எப்படி ஆப்புகளாக உடைந்தது என்பதையும் ஒரே அட்டையில் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். இதே குறியை ‘எரேஷ்’ என்றும் வாசிப்பதுண்டு. பாதாள உலகின் அரசியான எரேஷ்கிகலின் பெயர் இதைக் கொண்டே தொடங்குகிறது. உடன்பிறந்தாளைக் குறிக்கும் ‘நின்’ என்ற சொல்லுக்குப் பின்பாதியில் வேறு குறி வருவதையும் அருகிலேயே அச்சிட்டிருப்பதால், எழுதும் கை தானாகவே கவனம் கொள்கிறது. தெய்வப் பெயர்களுக்கு முன்னால் வாசிக்கப்படாமல் நிற்கும் நட்சத்திரக் குறியான ‘திங்கிர்’ பற்றிய அட்டையும் குறை சொல்ல முடியாதது. பெண் தெய்வங்கள் பேசும் பகுதிகளிலும் புலம்பல் பாடல்களிலும் வரும் ‘எமெசல்’ என்ற மொழி வடிவத்தில் ‘நின்’ என்பது ‘கஷான்’ என்று மாறுவதற்கும் ஓர் அட்டை உண்டு.

இவ்வளவு நுணுக்கமாகச் செய்த பெட்டியைத் தமிழ்த் தாள் கெடுத்துவிடுகிறது. நின், எரேஷ், தம், லுகுர், என் ஆகிய ஐந்துக்கும் அதில் ‘ராணி’ என்ற ஒரே பொருள்தான் எழுதியிருக்கிறது. ‘தம்’ என்பது வாழ்க்கைத் துணை. கணவனுக்கும் அது பொருந்தும். லகாஷ் நகரத்து ஆட்சியாளர் லுகலந்தாவின் மனைவி பரநம்தரா பெரிய நிர்வாகம் ஒன்றை நடத்தியவர்; அவர் மனைவி என்ற உறவுமுறையாலேயே குறிக்கப்பட்டார். ‘ஊர்’ என்ற பெயருடைய சுமேரிய நகரின் மூன்றாம் அரச மரபில் மன்னர் சுல்கியின் துணைவியர் பலர் ‘லுகுர்’ எனப்பட்டனர். அது ‘நின்’னுக்குச் சமமான பட்டம் அன்று. அக்காத் மன்னர் சர்கோனின் மகள் என்ஹெதுவன்னா ஊர் நகரில் நிலாத் தெய்வமான நன்னாவுக்கு ‘என்’ ஆக இருந்தவர். அதுவோ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சமயப் பதவி.

வேறெந்த ஊரில் இந்தக் குழப்பம் நேர்ந்தாலும் நான் பேசாமல் இருந்திருப்பேன். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி ஆட்சிகளின்கீழ் இருந்த ஊர். திருவிதாங்கூரில் மருமக்கள் வழி முறைப்படி ராணி என்பவர் அரசரின் சகோதரி அல்லது சகோதரியின் மகள். அரசரை மணந்தவர் ‘அம்மச்சி’ என்றே அழைக்கப்பட்டார், ராணி ஆகவில்லை. அரசனின் மனைவி வேறு, அரசி வேறு என்பதை இங்குள்ள எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவார். அந்த ஒரு வரியைத் தாளில் சேர்த்திருந்தால் போதும். ‘தம்’மும் ‘நின்’னும் ஏன் வெவ்வேறு என்று தமிழ் வாசகருக்கு நொடியில் விளங்கியிருக்கும்.

பூவாபி அட்டையின் தமிழ்க் குறிப்பு இதைவிட மோசம். 1922 முதல் 1934 வரை ஊர் நகரில் அகழாய்வு செய்த லியோனார்ட் வூலி கண்டெடுத்த கல்லறைக்கு உரியவர் பூவாபி. அவருடைய முத்திரையில் பெயரும் ‘நின்’ என்ற பட்டமும் மட்டுமே உள்ளன. கணவர் பெயர் இல்லை. அந்த மௌனம்தான் அந்த முத்திரையின் முழுச் சுவாரசியமும். தாளோ “மன்னரின் மனைவி ராணி சுபாத்” என்கிறது. சுபாத் என்பது வூலி காலத்து வாசிப்பு; அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. கிஷ் நகரத்துக் குபாபாவையும் ராணி ஆக்கியிருக்கிறார்கள். மதுக்கடை நடத்திய அந்தப் பெண்மணியைச் சுமேரிய மன்னர் பட்டியல் ‘லுகல்’ வரிசையில், அதாவது மன்னர்களோடு மன்னராக வைத்து, நூறு ஆண்டு ஆண்டதாகக் கணக்கும் எழுதுகிறது.

இன்னொரு நல்ல வாய்ப்பையும் நழுவவிட்டிருக்கிறார்கள். சுமேரிய இலக்கணத்தில் ஆண்பால், பெண்பால் பிரிவு கிடையாது. மனிதரும் தெய்வங்களும் ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம். உயர்திணையும் அஃறிணையும் தெரிந்த நமக்கு இதைவிட எளிதாக எதைச் சொல்லிவிட முடியும்? நின்கிர்சு, நின்உர்தா போன்ற ஆண் தெய்வங்களின் பெயரிலும் ‘நின்’ வருவதன் வியப்பு அப்போது பாதி குறைந்துவிடும். இந்த ஒற்றுமையைக் கொண்டு சுமேரியரைத் தமிழராக்கக் கிளம்புவது வேறு கதை. நம் ‘நின்’னுக்கும் அந்த ‘நின்’னுக்கும் ஓசையைத் தவிர எந்த உறவும் இல்லை.

குறைகளை எழுதி அனுப்பியதும் விற்பனையாளர் மன்னிப்புக் கேட்டு, பட்டையான முனை கொண்ட வேறு குச்சி ஒன்றை அனுப்பிவைத்தார். அது நன்றாகவே எழுதுகிறது. தமிழ்த் தாளைப் பற்றி மட்டும் பதில் இல்லை. வாங்குவோர் அதை எடுத்து வைத்துவிட்டு, ஆங்கிலக் கையேட்டையும் அட்டைகளையும் கொண்டு தொடங்குவது நல்லது. மண்ணை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.