டியூஷன் ஹாலுக்குக் காபனீரொட்சைட்டு மீற்றர்: வாங்கலாமா?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஏ.எல். பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். மாரி தொடங்கினால் தடிமனும் காய்ச்சலும் வாங்கு வாங்காகப் பரவும். முன்பு கிடுகுக் கொட்டிலில்தான் வகுப்பு; அரைச் சுவருக்கு மேலால் காற்று தாராளமாக வந்து போகும். இப்போது ஏ.சி. ஹால், பூட்டிய யன்னல், உள்ளே அறுபது பேர். அதற்காகவே இந்த மீற்றரை வாங்கினேன்.

இது வைரஸைக் காட்டும் கருவி அல்ல. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மட்டும் அளக்கும். வெளிக்காற்றில் அது ஏறத்தாழ 420 பிபிஎம், அதாவது பத்து இலட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. நாங்கள் வெளிவிடும் மூச்சில் 40,000க்குக் கிட்ட. அறைக்குள் எண் ஏறுகிறது என்றால், மற்றவர்கள் விட்ட மூச்சு வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம். இதை வைத்துத் தொற்று அபாயத்தைக் கணக்கிடும் முறையை ரட்னிக், மில்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டார்கள்.

அந்த டொனால்ட் மில்டனின் இன்னோர் ஆய்வுதான் என்னை வாங்க வைத்தது. அவருடைய குழு 2018இல் வெளியிட்டது. இன்புளுவன்சா உறுதியான 142 பேரை ஒரு கூம்பு வடிவக் கருவியின் முன்னால் அரை மணி நேரம் இருத்தி, அவர்களின் மூச்சைச் சேகரித்தார்கள். மிக நுண்ணிய துளிகளைச் சேகரித்த மாதிரிகளில் 39 வீதத்தில் தொற்றக்கூடிய வைரஸ் உயிரோடு இருந்தது. இருமாமல் சும்மா மூச்சு விட்டவர்கள் சிலரிடமும் இருந்தது. இருமுகிற பிள்ளையை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் போதாது என்பது இதிலிருந்து தெளிவு.

சரி, கருவிக்கு வருவோம். கஸ்தூரியார் வீதிப் பக்கம் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை, இணையத்தில் எடுப்பித்தேன். வாங்கும்போது என்டிஐஆர் சென்சர் என்று போட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது அகச்சிவப்பு ஒளியால் காபனீரொட்சைட்டையே நேரடியாக அளக்கும். மலிவான சிலவற்றில் அந்தச் சென்சர் இல்லை. வேறு ஆவிகளை அளந்துவிட்டு ஒரு மதிப்பீட்டைக் காட்டும். தம்பி வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் சானிடைசரைக் கையில் பூசினேன், எண் எகிறியது. என்னுடையது அசையவில்லை.

ஹாலில் கண்டது இது. இரண்டு மணி நேர வகுப்பு முடிகிற நேரம் 3,200. ரட்னிக், மில்டன் இருவரின் கணக்கில் போட்டால், உள்ளே இழுக்கும் காற்றில் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்கு ஏற்கெனவே யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போய் வந்தது. பிள்ளைகளுக்கும் எண்ணைக் காட்டினேன். மூல் கணக்குப் படிக்கிறவர்கள்தானே, உடனே பிடித்துக்கொண்டார்கள். எதிரெதிர்ப் பக்கத்து யன்னல்களைத் திறந்துவிட்டு ஃபேன் போட்ட நாளில் 850ஐத் தாண்டவில்லை.

ஹால் நடத்துகிறவர் முதலில் சம்மதிக்கவில்லை. "யன்னலைத் திறந்தால் கரண்ட் பில்லை ஆர் ரீச்சர் கட்டுறது?" என்று கேட்டார். மீற்றரை அவர் கையிலேயே கொடுத்து ஒரு வகுப்பு முழுக்க இருக்கச் சொன்னேன். அடுத்த கிழமை பின்சுவரில் எக்ஸோஸ்ட் ஃபேன் பூட்டினார். என் வாயால் எத்தனையோ முறை சொன்னதை அந்தத் திரை ஒரே நாளில் செய்துவிட்டது. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

குறைகளும் உண்டு. எச்சரிக்கைச் சத்தத்தை முழுதாக நிறுத்த வழியில்லை, பாடத்தின் நடுவில் கத்துகிறது. திரை சிறியது, பின்வாங்குக்குத் தெரியாது. பிள்ளைகள் மாஸ்க் போட்டாலோ, வைரஸைப் பிடிக்கும் காற்று வடிகட்டியை வைத்தாலோ அபாயம் குறையும், ஆனால் எண் அப்படியே நிற்கும். எண் குறைவாக இருக்கிறது என்பதற்காக நோயாளிக்கு நெருக்கமாக இருப்பதும் பாதுகாப்பல்ல.

இன்னொன்று, இத்தகைய கருவிகள் பல இடையிடையே வெளிக்காற்றைக் கண்டால்தான் தங்களைச் சரிசெய்துகொள்ளும். எப்போதும் பூட்டிய அறையிலேயே வைத்திருந்தால் எண் மெல்லப் பிழைக்கத் தொடங்கும். கிழமைக்கு ஒரு தடவை வெளி விறாந்தையில் கொஞ்ச நேரம் வையுங்கள். ஹாலுக்குள் வைக்கும்போது யன்னலோரமும் வேண்டாம், உங்கள் மூச்சு நேரே படுகிற மேசையும் வேண்டாம். பிள்ளைகள் இருக்கும்போது அவர்களின் தலை வருகிற உயரத்தில், நடுச்சுவரில் மாட்டுங்கள்.