சுங்கை சிப்புட் பழைய தட்டுக் கடையில் கிடைத்த அலெக் கின்னஸ் படங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடை வரிசைக்குப் பின்னால் பழைய படத் தட்டு (டிவிடி) விற்கிற கடை ஒன்று இருக்கிறது. ஒரு தட்டு ஐந்து வெள்ளி (ரிங்கிட்), மூன்றாக எடுத்தால் பன்னிரண்டு. தமிழ்ப் படங்களை எல்லாரும் கிளறிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆங்கிலப் பெட்டியைத் தொடுவார் இல்லை. அதில்தான் ஆங்கில நடிகர் அலெக் கின்னஸ் நடித்த படங்கள் ஒரு கட்டாகக் கிடைத்தன. யாரோ வீடு காலி செய்தபோது மொத்தமாகப் போட்டுவிட்டுப் போனார்களாம்.

நான் வீட்டில் ரவிக்கை தைப்பவள். தைத்துக்கொண்டே படம் பார்ப்பது வழக்கம். அதனால் முதலில் எடுத்தது ‘தி மேன் இன் தி ஒயிட் சூட்’, 1951இல் வந்தது. அழுக்காகாத, கிழியாத துணியைக் கண்டுபிடிக்கிற ஆளாக வருகிறார். ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடும் என்று பார்த்தால், ஆலை முதலாளியும் துரத்துகிறார், தொழிலாளியும் துரத்துகிறார். துணி கிழியாவிட்டால் பிழைப்பு கிழிந்துவிடும் அல்லவா? சிரித்துக்கொண்டே பார்த்தாலும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. அந்தக் கோட்டுக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்பதைச் சொல்ல மாட்டேன்.

‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்’ (1949) இன்னும் ஒரு படி மேல். பட்டத்துக்கு வர ஒருவன் ஒரு குடும்பத்தையே வரிசையாகத் தீர்த்துக்கட்டுகிறான். சாகிற அத்தனை பேரும் கின்னஸ்தான்: பாதிரியார், படைத்தளபதி, மூழ்கும் கப்பலில் சல்யூட் அடித்தபடி நிற்கும் கடற்படைக்காரர், ஏன், அகதா என்ற சீமாட்டிகூட அவரே. ஒட்டுத்தாடியை எடுத்துவிட்டாலும் ஆளுக்கு ஆள் தோள் நிற்கிற விதம் வேறு. அளவெடுக்கிறவளுக்குத் தோள்தான் முதலில் கண்ணில் படும்.

கின்னஸ் நடிக்க வருமுன் விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர், போரில் கடற்படை அதிகாரி, 1959இல் சர் பட்டம். என் மகனுக்கு அவர் ‘ஸ்டார் வார்ஸ்’ ஓபி-வான், அவ்வளவுதான். 1979இல் வந்த ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ என்ற உளவுத் தொடரைப் பெயரில் டெய்லர் இருக்கிறதே என்று ஆசையாக எடுத்தேன். தைத்துக்கொண்டு பார்க்கிற சமாச்சாரம் இல்லை அது. மனுஷன் பேசுவதே இல்லை, எதிரில் இருப்பவரைப் பேசவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கண்ணை ஊசிக்குத் திருப்பினால் கதை போச்சு.

அப்புறம் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957). ஜப்பான்காரனிடம் சிக்கிய போர்க்கைதிகள் சயாம் (தாய்லாந்து) - பர்மா ரயில் பாதைக்குப் பாலம் கட்டுகிற கதை. ஏழு ஆஸ்கார் வாங்கிய படம், சிறந்த நடிகர் விருது இவருக்கு. வெயிலில் தகரப் பெட்டிக்குள் அடைத்து வைத்த கைதிக் கர்னலை, அதாவது கின்னஸை, வெளியே விடுகிறார்கள். கால் மடங்குகிறது, ஆனால் ஜப்பான் தளபதி அறை வரைக்கும் விறைப்பாக நடந்தே தீருவேன் என்று போகிறார். போலியோவிலிருந்து தேறிவந்த தன் மகன் நடந்த நடையை நினைத்து நடித்ததாம் அது. அந்த இடத்தில் மெஷினை நிறுத்திவிட்டேன்.

எங்கள் தாத்தாவின் தம்பியை ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து லயத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. 1942-43இல் போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் என்றால், ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல மூன்று மடங்கு. அதில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். படத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், பாதை போடுகிற இடத்தில் நம் ஆள் ஒருவர்கூட இல்லை. மூலக்கதை எழுதிய பியேர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் போருக்கு முன் மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். நம்மைப் பார்க்காமல் இருந்திருக்க முடியுமா? கின்னஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனாலும் இந்தப் படத்தைச் சிறுபிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மீதிக் கதையையும் சொல்லுங்கள்.

‘எ பாசேஜ் டு இந்தியா’ (1984) தேவையில்லை. முகத்தில் சாயம் பூசி கோட்போலே என்ற பேராசிரியராக வருகிறார். ‘கைண்ட் ஹார்ட்ஸ்’ படத்தின் எட்டு வேடத்திலும் ஆள் தெரியாமல் மறைந்தவர் இதில் மட்டும் அப்பட்டமாகத் தெரிகிறார்.

தட்டுகளைப் பற்றி: சிலவற்றில் மலாய் வரிகள் உண்டு, பழைய நகைச்சுவைப் படங்களில் ஆங்கிலம் மட்டும். ஒன்று பாதியில் உறைந்து நின்றுவிட்டது. “அண்ணே, ஓடமாட்டேங்குது” என்றேன். “வேற எடுத்துக்கம்மா” என்று உடனே மாற்றிக் கொடுத்தார், பில்கூடக் கேட்கவில்லை. இருந்தாலும் வாங்கும்போதே வெளிச்சத்தில் திருப்பிக் கீறல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘தி லேடிகில்லர்ஸ்’ இன்னும் ஒன்று அங்கே இருக்கிறது, அட்டை கிழிந்திருக்கும், உள்ளே தட்டு நன்றாகத்தான் இருக்கிறது.