ஊசி எனக்கு, ஆபரேஷன் அக்காவுக்கு

டொராண்டோவில் லாரி ஓட்டுகிறேன். இடது முழங்கை எப்போதும் கதவுமேல்தான் கிடக்கும். ஒரு வருஷமாகச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், ராத்திரியில் கையை உதறிக்கொண்டே எழுந்து உட்காருவேன். அங்கே நரம்பு டெஸ்டுக்கு நாலு மாசம் கழித்துத் தேதி. பொங்கலுக்குக் குடியாத்தம் போகிறோமே, வேலூரிலேயே பார்த்துவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

வேலூரில் முதலில் போன இடத்தில் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கழுத்துக்கு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார்கள். நானும் எடுத்தேன், புத்தி! கழுத்தில் ஒன்றும் இல்லை.

அப்புறம் காட்பாடிப் பக்கம் ஒரு கிளினிக். துணைக்கு அக்கா வந்தாள். டாக்டர் முழங்கை உள்பக்கம் ஜெல் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார். எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுரீர் என்று ஷாக் அடிக்குமே, அந்த அல்நார் நரம்புதான் திரையில் கறுப்பு முட்டை மாதிரி தெரிந்தது. அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 10 சதுர மில்லிமீட்டருக்குள் இருந்தால் பரவாயில்லையாம்; எனக்கு 16. "மடக்குங்க" என்றார். மடக்க மடக்க, அந்த முட்டை எலும்பு முனையைத் தாண்டி டொக்கென்று முன்னால் குதித்தது. நீட்டினால் திரும்ப உள்ளே போனது. ஒரு வருஷ அவஸ்தையைக் கண்ணால் பார்த்தேன்.

ராத்திரி கை மடங்காதபடி துண்டைச் சுற்றிக்கொண்டு படுப்பதுதான் முதல் வைத்தியம் என்றார். ஊசி நிச்சயம் கேட்கும் என்று சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். நான் டொராண்டோ திரும்புகிற ஆள் என்பதால் போட்டார். திரையில் ஊசிமுனையைப் பார்த்தபடியே, நரம்புக்கும் அதைச் சுற்றி ஒட்டிக்கிடந்த சதைக்கும் நடுவில் குளுக்கோஸ் தண்ணியைச் செலுத்தினார். நரம்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு அகழி விரிந்தது. வலி பெரிதாக இல்லை.

பில்லை நீட்டிய அக்காவின் கையைப் பார்த்ததும் டாக்டர் நிறுத்தினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை குழிந்திருந்தது. முப்பது வருஷமாக மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, கை மடக்கியே பீடி சுற்றுகிறவள். டோக்கன் சீட்டை அந்த இரண்டு விரலால் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். பிடி நிற்கவில்லை, கட்டைவிரல் நுனிதான் மடங்கியது. "அதே நரம்புதான். இது ஊசியில் சரியாகாதும்மா. நரம்பு டெஸ்ட் எடுத்துட்டு சர்ஜனைப் பாருங்க."

"இவனுக்குத்தானே வந்தோம், எனக்கு இன்னாத்துக்கு?" என்றாள் அக்கா.

குடியாத்தம் பஸ்ஸில் நான் அசந்துவிட்டேன். பள்ளிகொண்டாவில் கண் விழித்தபோது, அந்த டோக்கன் சீட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, இன்னொரு கையால் மெதுவாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.