கார்-டி செல்லா, கார்-என்கே செல்லா?

ரத்தப் புற்றுநோய்க்கு எது மேல் என்று பலர் கேட்கிறார்கள். இரண்டுமே, புற்றுநோயை அடையாளம் காண ‘கார்’ என்ற செயற்கை உணர்வி பொருத்திய நோய் எதிர்ப்பு செல்கள்; ஒன்று டி செல், மற்றது என்கே எனும் இயற்கைக் கொல்லி செல்.

தயாரிப்பு: கார்-டிக்குப் பெரும்பாலும் நோயாளியின் சொந்த செல்தான், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கார்-என்கேவைத் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து செய்து உறைய வைக்கலாம்.

பக்கவிளைவு: கார்-டியில் கடும் காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு வரலாம். 2020இல் வெளியான ஹூஸ்டன் ஆய்வில் கார்-என்கே பெற்ற 11 பேரில் 8 பேருக்குப் பலன்; சைட்டோகைன் புயல் (நோய் எதிர்ப்பு மிகையாகித் தரும் இந்தக் காய்ச்சல், அழுத்தச் சரிவு) ஒருவருக்கும் இல்லை.

தாக்குப்பிடிப்பு: கார்-டி ஆண்டுக்கணக்கில் தங்கக்கூடும். என்கேவுக்கு இங்கேதான் அடி விழுகிறது. கட்டி சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம், என்கே செல்லின் இயல்பான என்கேஜி2டி என்ற உணர்வியைக் குறைத்துவிடுகிறது. போதாததற்கு, அந்த உணர்வி தேடும் மைக்கா புரதத்தையும் கட்டி உதிர்த்துவிடும். செல் உயிரோடு இருந்தாலும், அந்த உணர்வி வழியாக எதிரியைக் காண்பது கடினமாகிவிடும்!

சரி, எதைத் தேர்வது? காத்திருக்க முடிந்தால், அமெரிக்காவில் 2017 முதல் அங்கீகாரம் உள்ள கார்-டியே என் தேர்வு. உடல் தாங்காது, அவகாசமும் இல்லை என்றால், கார்-என்கே சோதனைகளில் இடமுண்டா என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.