சனிக்கிழமை தந்திராயன்குப்பம், ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி

பாரிஸிலிருந்து மூன்று வார லீவில் பாண்டிக்குப் போயிருந்தேன். அதில் ஒரு சனி, ஞாயிறு முழுக்கச் சந்தை சுற்றியதிலேயே போனது.

சனிக்கிழமை தந்திராயன்குப்பம். கோட்டக்குப்பம் பக்கம் கடலோரத்தில் கூடுகிற கைவினைச் சந்தை. தோல் பை, துணி, நகை எல்லாமே நேர்த்தி, விலையும் அதற்கேற்ப. என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்கள். நான் தமிழில் பேசியதும் சிரித்தார்கள், விலை மட்டும் இறங்கவில்லை. ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன்.

காந்தி வீதி வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகளுக்கு லீவு, அவற்றின் வாசலெல்லாம் நடைபாதை வியாபாரிகளுக்கு. சட்டை, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம் என்று நடக்க இடமில்லாமல் கடை. ஒரு அம்மா சாக்கு விரித்து மண் சாமான் பரப்பியிருந்தார். வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. அதைச் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி, தட்டிப் பாத்து எடு" என்று ஒரு குவளையை விரலால் சுண்டினார். ணங்கென்றது. இன்னொன்றைச் சுண்டினார், பொத்தென்றது. கண்ணுக்குத் தெரியாத விரிசலாம். அதை அவரே ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

ஆறு குவளையும் ஒரு குதிரையும் எடுத்தேன். சிக்கல் பணத்தில் வந்தது. இரண்டு ஏடிஎம்மில் பணம் இல்லை, மூன்றாவது என் கார்டைத் துப்பிவிட்டது. சரி, போனில் அனுப்பலாம் என்றால் யுபிஐக்கு வங்கியோடு இணைத்த எண் வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் என் இந்திய சிம் எப்போதோ செத்துப்போயிருந்தது. 2023இல் வெளிநாட்டு எண்களுக்கு வழிவிட்டபோது சிங்கப்பூர், பிரிட்டன் உட்பட பத்து நாடுகள் இருந்தன, அந்தப் பட்டியலில் அப்போது பிரான்ஸ் இல்லை. அதே பிரான்ஸில், ஈஃபிள் கோபுர டிக்கெட்டை 2024 பிப்ரவரியிலிருந்து யுபிஐயில் வாங்கலாம்! எனக்குத்தான் ஆறு மண் குவளை வாங்க வழியில்லை.

கடைசியில் கியூஆர் அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அக்கா மகனுக்கு அனுப்பினேன். அவன் வீட்டில் படுத்துக்கொண்டே பணம் போட்டான். சாக்கின் ஓரத்திலிருந்த பெட்டி தொகையைச் சத்தமாக அறிவித்தது. அந்த அம்மா அப்போதுதான் காகிதம் சுற்ற ஆரம்பித்தார். குதிரைக் காதுக்கு மட்டும் தனியாக வைக்கோல்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். நெய், பால்கோவா, இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விதிப்படி எடுத்துவிடுவார்கள். மாம்பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், தேங்காய்க்கு வேண்டாம். மீன் மட்டும் சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை தாராளமாக வரலாம், கருவாடும் அதில் சேர்த்தி. அந்தத் தைரியத்தில் பெரிய மார்க்கெட்டில் இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கி, குவளைகளுக்கு இடையில் திணித்தேன்.

குதிரை காதோடு வந்து சேர்ந்தது. குவளைகளில்தான் இன்னும் காபி குடிக்க முடியவில்லை, மூன்று முறை கழுவியும் நெத்திலி வாசம்.